வட்டி இறங்கும் காலத்தில் சேமிப்புக் கணக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூலை 9-ஆம் நாள், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா ஓபிஆர் எனப்படும் கொள்கை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஐந்து ஆண்டுகளில் அதுவே முதல் குறைப்பு. வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்கு அது நல்ல செய்தி. ஓய்வூதியத்தோடு வைப்புத்தொகை வட்டியையும் சேர்த்து மாதச் செலவைச் சமாளிப்பவர்களுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மிகைநேரம் பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களுக்கும் அது கவலை தரும் செய்தி. இப்படிப்பட்ட வேளைகளில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த வங்கி இன்று அதிக வட்டி தருகிறது என்பதுதான். வட்டி இறங்கும் காலத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பணம் எனக்கு எப்போது தேவைப்படும், வங்கி இன்று சொல்லும் வட்டியை எத்தனை நாளைக்கு மாற்றாமல் வைத்திருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே வட்டி விகிதத்தைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி: எந்த வட்டி எப்போது இறங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓபிஆர் என்பது வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கடன் கொடுத்து வாங்கும் வட்டியை வழிநடத்தும் விகிதம். பேங்க் நெகாராவின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடி அதை முடிவு செய்கிறது. கூட்டம் நடக்கும் நாள்கள் ஆண்டுத் தொடக்கத்திற்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். குறைப்பு அறிவிக்கப்பட்டால் வங்கிகள் கடன் வட்டியைக் குறைக்கின்றன, அதை ஈடுகட்ட வைப்புத்தொகை வட்டியையும் குறைக்கின்றன. குறைப்பு வரும் என்று சந்தை எதிர்பார்க்கத் தொடங்கிய உடனேயே, அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பாகவே, சலுகை வட்டிகள் மெல்ல இறங்கத் தொடங்குவதும் உண்டு. ஆகவே அறிவிப்பு வந்த மறுநாள் வங்கிக்கு ஓடுவதில் பெரிய பயன் இல்லை.

சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டியை வங்கி அறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இலக்கவியல் வங்கிகளின் தினசரி வட்டியும் அப்படித்தான்: ஜிஎக்ஸ் பேங்க் தொடக்கத்தில் 3 விழுக்காடு என்று அறிவித்த தினசரி வட்டி பின்னர் குறைக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். டச் அண்ட் கோ செயலியில் உள்ள கோ பிளஸ் போன்ற பணச்சந்தை நிதிகளின் வருமானம், நிதியில் உள்ள பழைய வைப்புகள் முதிர்ந்து புதிய விகிதத்தில் மாற மாறச் சிறுகச் சிறுக இறங்கும். நிரந்தர வைப்பு மட்டுமே, அதாவது நாம் எஃப்டி என்று அழைப்பது மட்டுமே, போட்ட நாளின் வட்டியை முதிர்வு நாள்வரை மாற்றாமல் தரக் கட்டுப்பட்டது.

இதை 2020-ஆம் ஆண்டை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அந்த ஆண்டு ஜனவரியில் 3.00-இலிருந்து 2.75 ஆகவும், மார்ச்சில் 2.50 ஆகவும், மே மாதம் 2.00 ஆகவும், ஜூலையில் 1.75 ஆகவும் ஓபிஆர் இறங்கியது. ஜனவரி இறுதியில் 12 மாத எஃப்டி போட்டவர் அந்த வட்டியையே ஓராண்டு முழுதும் பெற்றார். அதே பணத்தை ஒரு மாத எஃப்டியில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர் மூன்று முறை இறங்கிய வட்டியைச் சந்தித்தார். மறுபக்கமும் உண்டு. 2022 மே மாதத்தில் வட்டி ஏறத் தொடங்கி 2023 மே மாதத்தில் 3.00 விழுக்காட்டை எட்டியபோது, 2021-இல் குறைந்த வட்டிக்கு நீண்ட காலம் பூட்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனவே நீண்ட காலம் பூட்டுவது எப்போதும் சரி என்று யாரும் சொல்ல முடியாது. இறங்கும் காலத்தில், தேவைப்படாத பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டுவது சரி.

இரண்டாம் படி: பணத்தைத் தேதி வாரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, கையில் உள்ள பணத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். எந்த நேரத்திலும் தேவைப்படக்கூடிய பணம் ஒன்று: வேலை போனாலோ, மருத்துவமனைச் செலவு வந்தாலோ, கார் பழுதானாலோ உடனே எடுக்க வேண்டியது. நான்கு முதல் ஆறு மாதச் செலவு இதற்குப் போதும். நிலையான சம்பளம் இல்லாதவர்களும், சொந்தமாகக் கடை நடத்துபவர்களும் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தேதி தெரிந்த செலவு மற்றொன்று: பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம், அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்கவிருக்கும் காவடி நேர்த்திக்கடன் செலவு, மகளின் திருமணம், ஊருக்குப் போகும் பயணம். ஓராண்டு இரண்டாண்டுக்குள் எதற்கும் தேவைப்படாத பணம் மூன்றாவது.

ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியரிடம் 120,000 ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களின் மாதச் செலவு 3,000 ரிங்கிட் என்றால், ஆறு மாதத்திற்கு 18,000. சற்றுக் கூட்டி 20,000 ரிங்கிட்டை எடுக்க எளிதான சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். ஒன்பது மாதத்தில் மகளின் திருமணத்திற்கு 20,000 வேண்டும் என்றால், அதைத் திருமண நாளுக்கு முன்பே முதிரும் எஃப்டியில் போடலாம். எஞ்சிய 80,000 ரிங்கிட்தான் உண்மையில் வட்டி தேடும் பணம். பல குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது: முழுப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது, அல்லது முழுப் பணமும் ஒரே எஃப்டியில் பூட்டப்பட்டு, அவசரம் வந்ததும் அடகுக் கடைக்கு நகை போகிறது.

பிரித்து எழுதும் இந்த நேரத்தில் கடன்களையும் அதே தாளில் எழுதுங்கள். கடன் அட்டையில் 15 முதல் 18 விழுக்காடு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 3 விழுக்காட்டுக்குப் பணம் போடுவதில் எந்தப் பொருளும் இல்லை. முதலில் அட்டைக் கடனை அடைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கடன், மிகைப் பணத்தைப் போட்டு எடுக்க இடம் தரும் ஃப்ளெக்ஸி கடனாக இருந்தால், அதுவே பலருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சேமிப்புக் கணக்கு. கடன் வட்டி 4 விழுக்காடு என்றால், அதில் நிறுத்தி வைக்கும் 20,000 ரிங்கிட் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 ரிங்கிட் வட்டியை மிச்சப்படுத்தும். அதே பணம் 3.4 விழுக்காட்டு எஃப்டியில் 680 ரிங்கிட்தான் தரும். ஆனால் உங்கள் கடன் உண்மையிலேயே ஃப்ளெக்ஸி கடன்தானா, எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தவணைக் கடனில் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்றாம் படி: பாதுகாப்பைச் சரிபாருங்கள்

வட்டியைப் பார்ப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். மலேசியாவில் வைப்புகளுக்குக் காப்புறுதி தருவது பி.ஐ.டி.எம். என்ற அரசு அமைப்பு. அதன் உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு வைப்பாளருக்கும், 250,000 ரிங்கிட்வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. இதற்காக நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அசலும் அதுவரை சேர்ந்த வட்டியும் சேர்ந்தே இந்த வரம்புக்குள் வரும். தனிப் பெயரில் உள்ள கணக்கும் கூட்டுக் கணக்கும் தனித்தனியாகப் பாதுகாக்கப்படுகின்றன. அதுபோல வழக்கமான வைப்பும் இஸ்லாமிய வைப்பும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. ஓய்வுகாலப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தவர்கள், வரம்பைத் தாண்டும் தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்து வைக்க இதுவே போதிய காரணம்.

ஜோர்ஜ்டவுனின் லெபோ பந்தாயில் நடந்தால், பெரிய தூண்களும் உயர்ந்த கூரைகளும் கொண்ட வங்கிக் கட்டடங்களைப் பார்க்கிறோம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி பினாங்கில் கால் பதித்தது 1875-இல். அந்தக் கட்டடங்கள் தரும் நம்பிக்கை இயல்பானதுதான். ஆனால் நம் பணத்தைக் காப்பது சட்டம். கிளையே இல்லாத ஜிஎக்ஸ் பேங்க், ஏஇஓஎன் பேங்க், பூஸ்ட் பேங்க் போன்ற இலக்கவியல் வங்கிகளும் பி.ஐ.டி.எம். உறுப்பினர்கள்தான்; அங்கே வைக்கும் பணத்துக்கும் அதே 250,000 ரிங்கிட் பாதுகாப்பு உண்டு. வயதான பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது: வங்கியின் கிளைக்குள் உட்கார்ந்து கையெழுத்திட்ட எல்லாமே வைப்பு அல்ல. பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட், காப்புறுதிச் சேமிப்புத் திட்டம், இஸ்லாமிய வங்கிகளின் முதலீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. கோ பிளஸ் போன்ற பணச்சந்தை நிதிகளுக்கும் கிடையாது.

பேங்க் சிம்பானான் நேஷனல், பேங்க் ராக்யாட் போன்ற மேம்பாட்டு நிதி நிறுவனங்கள் பி.ஐ.டி.எம். உறுப்பினர்கள் அல்ல. அவை வேறு சட்டங்களின் கீழ், பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இயங்குகின்றன. ஆகவே அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் 250,000 ரிங்கிட் காப்புறுதி அங்கேயும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி நம் சமூகத்தில் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கூட்டுறவு என்ற சொல்லின் மேல் ஆழ்ந்த பற்று உண்டு. அந்தப் பற்று நியாயமானது. ஆனால் சங்கத்தில் போடும் பணம் வங்கி வைப்பு ஆகாது. 1986-இல் பொதுமக்களிடம் வைப்பு வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, சேமித்தவர்கள் தங்கள் பணத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. சங்கம் தரும் ஈவு வங்கி வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால், அது கூடுதல் ஆபத்துக்கான விலை என்று கொள்ளுங்கள். அவசரத் தேவைக்கான பணத்தை அங்கே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டாரும் வேலைத்தோழர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுச் சீட்டு, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சீட்டு எடுத்தவர் கட்டாமல் போனால் வழக்குப் போடவும் வழி இருக்காது.

நான்காம் படி: சேமிப்புக் கணக்கின் நிபந்தனைகளைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

இப்போதுதான் வட்டி. வழக்கமான வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்குகள் பலவற்றில் வட்டி ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. கால் விழுக்காடு வட்டி என்றால் 50,000 ரிங்கிட்டுக்கு ஆண்டு முழுதும் 125 ரிங்கிட். 2024-இல் மலேசியாவின் பணவீக்கம் 1.8 விழுக்காடு, அந்தக் கணக்கில் கிடந்த 50,000 ரிங்கிட்டின் வாங்கும் சக்தி அந்த ஓராண்டில் ஏறத்தாழ 775 ரிங்கிட் குறைந்தது. ஓபிஆர் கால் விழுக்காடு குறைந்ததைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், பல ஆண்டுகளாக இப்படிக் கிடக்கும் பணத்தைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மாற்றாக வங்கிகள் விளம்பரம் செய்வது, நிபந்தனைகளோடு கூடுதல் வட்டி தரும் கணக்குகளை. சம்பளம் அங்கே வர வேண்டும், மாதம் இவ்வளவு அட்டையில் செலவழிக்க வேண்டும், மூன்று கட்டணங்கள் அந்தக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும், மாதாமாதம் இருப்பு கூட வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வட்டி சேர்ந்து, மேலே பெரிய எழுத்தில் மொத்தம் போட்டிருப்பார்கள். அந்தப் பெரிய எண்ணோடு ‘வரை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ‘4 விழுக்காடுவரை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு கணக்கில், முதல் 50,000 ரிங்கிட்டுக்கு 1.5 விழுக்காடு, அடுத்த 50,000-க்கு 4 விழுக்காடு, அதற்கு மேல் கால் விழுக்காடு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரிங்கிட் வைப்பவருக்கு ஆண்டுக்கு 450 ரிங்கிட். அவருக்குக் கிடைப்பது 1.5 விழுக்காடுதான். 100,000 வைப்பவருக்கு 750-உம் 2,000-உம் சேர்ந்து 2,750 ரிங்கிட், அதாவது 2.75 விழுக்காடு. 150,000 வைப்பவருக்கு 2,875 ரிங்கிட். அவருடைய உண்மையான வட்டி 1.92 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. விளம்பரத்தில் உள்ள 4 விழுக்காடு இந்த மூவரில் யாருக்கும் முழுப் பணத்துக்கும் கிடைக்கவில்லை. எந்த நிபந்தனையும் இல்லாமல் 2 விழுக்காடு தரும் இன்னொரு கணக்கில் 30,000 வைத்தவர் 600 ரிங்கிட் பெறுகிறார், அதற்காக எதையும் செய்ய வேண்டியதில்லை.

எனவே ஒவ்வொரு கணக்கிலும் உங்கள் தொகைக்கு ஆண்டில் எத்தனை ரிங்கிட் கிடைக்கும் என்பதை மட்டும் எழுதி ஒப்பிடுங்கள். விழுக்காட்டை ஒப்பிடுவது ஏமாற்றும். ரிங்கிட்டை ஒப்பிடுவது ஏமாற்றாது. அந்தத் தொகையிலிருந்து டெபிட் அட்டையின் ஆண்டுக் கட்டணத்தையும், பிற வங்கி ஏடிஎம்மில் எடுப்பதற்கான ஒரு ரிங்கிட் கட்டணத்தையும், குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் பிடிக்கும் தொகையையும் கழித்துவிடுங்கள். வட்டிக்காக மாதம் 500 ரிங்கிட் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை, நீங்கள் எப்படியும் செய்யும் மளிகைச் செலவால் நிறைவேறுமானால் நல்லது; அதற்காகவே ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு உரியதல்ல. ஒரு மாதம் நிபந்தனை தவறினால் அந்த மாத வட்டி முழுதும் போகுமா, அந்தத் துண்டு மட்டும் போகுமா என்பதையும் கேளுங்கள்.

இந்த விவரங்கள் எல்லாம் பிராடக்ட் டிஸ்க்ளோஷர் ஷீட் எனப்படும் விவரத்தாளில் இருக்கும். கணக்கைத் திறப்பதற்கு முன் அதைத் தருவது வங்கியின் கடமை. வட்டிச் சலுகை முடியும் தேதியை அதில் தேடுங்கள். ‘இந்த விகிதம் மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். வட்டி இறங்கும் காலத்தில் அந்த வரியை வங்கி பயன்படுத்தும் என்றே எதிர்பாருங்கள். ஆகவே அவசரத் தேவைக்கான பணத்துக்கு நிபந்தனை குறைந்த கணக்கே சிறந்தது. 20,000 ரிங்கிட்டுக்கு அரை விழுக்காடு கூடுதல் என்பது ஆண்டுக்கு 100 ரிங்கிட்தான், அதற்காக ஒவ்வொரு மாதமும் நிபந்தனைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வட்டிக்கு வரி உண்டா என்ற கேள்வி வரும். மலேசியாவில் உரிமம் பெற்ற வங்கிகளில் தனிநபர் பெறும் வைப்பு வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு. இஸ்லாமியக் கணக்குகளை எல்லா மதத்தவரும் திறக்கலாம். அங்கே வட்டிக்குப் பதில் இலாபம் அல்லது ஹிபா என்ற பெயரில் தொகை வரும். ஹிபா என்பது வங்கி விரும்பித் தருவது, முன்கூட்டியே உறுதியளித்தது அல்ல என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பூட்டும் பணத்தைப் படிப்படியாகப் பூட்டுங்கள்

எஃப்டி வட்டிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், இறங்கும் காலங்களில் ஒரு விந்தை தெரியும். ஆறு மாத வட்டி 12 மாத வட்டியைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. வங்கி வருங்காலத்தில் வட்டி இன்னும் இறங்கும் என்று எதிர்பார்க்கிறது. அதனால் இன்றைய வட்டியை நீண்ட காலத்துக்குத் தர விரும்பவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பெரிய எண்ணைப் பார்த்துக் குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

20,000 ரிங்கிட்டை ஆறு மாதத்துக்கு 3.6 விழுக்காட்டில் போட்டால் 360 ரிங்கிட். 12 மாதத்துக்கு 3.4 விழுக்காட்டில் போட்டால் 680. ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர், அடுத்த ஆறு மாதத்தில் 320 ரிங்கிட் சம்பாதித்தால்தான் சமமாவார். 20,360 ரிங்கிட்டுக்கு அது ஏறத்தாழ 3.14 விழுக்காட்டு வட்டி. ஆறு மாதம் கழித்து வட்டி அதற்குக் கீழே போகும் என்று நினைத்தால் 12 மாதம் சரி; போகாது என்று நினைத்தால் ஆறு மாதம் சரி. இப்படி முறித்துப் பார்த்துவிட்டால், வங்கி அதிகாரி சொல்வதையோ உறவினர் சொல்வதையோ நம்பி முடிவெடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.

வருங்கால வட்டியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், ஒரே காலத்தில் பந்தயம் கட்டாமல் பிரித்துப் பூட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். மேலே சொன்ன தம்பதியரின் 80,000 ரிங்கிட்டை நான்காகப் பிரித்து, ஆறு, 12, 18, 24 மாதங்களுக்குத் தலா 20,000 ரிங்கிட்டாகப் போடலாம். முதல் எஃப்டி ஆறு மாதத்தில் முதிரும்போது அதை 24 மாதத்துக்குப் போடுங்கள். அடுத்தடுத்து முதிர்பவற்றையும் அப்படியே செய்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை கைக்கு வந்துகொண்டே இருக்கும். வட்டி இறங்கினால் பெரும்பகுதி பழைய வட்டியில் இருக்கும். ஏறினால் ஆறு மாதத்துக்கு ஒரு பகுதி புதிய வட்டிக்கு மாறும்.

முன்கூட்டியே உடைத்தால் என்ன ஆகும் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி முதல், வழக்கமான எஃப்டியை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி எதுவும் கிடையாது. அதற்கு முன்பு மூன்று மாதம் கடந்திருந்தால் பாதி வட்டி கிடைத்து வந்தது. பெரியவர்கள் பலர் இன்றும் அந்தப் பழைய விதியையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 20,000 ரிங்கிட் எஃப்டியைப் பதினோராம் மாதத்தில் உடைத்தால், சேர்ந்திருந்த 620 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட வட்டி முழுதும் போய்விடும். அதனால் 20,000-ஐ ஒரே சான்றிதழாகப் போடாமல், 5,000 ரிங்கிட்டாக நான்கு சான்றிதழ்களாகப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். இஸ்லாமிய வைப்புகளில் முன்கூட்டி எடுக்கும் விதி வங்கிக்கு வங்கி மாறுபடும். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்டி சான்றிதழிலோ செயலியிலோ, முதிர்வு அறிவுறுத்தல் என்ற வரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது தானாகப் புதுப்பி என்றே விடப்பட்டிருக்கும். 3.6 விழுக்காட்டுச் சலுகை எஃப்டி முதிரும் நாளில் நீங்கள் கவனிக்காவிட்டால், அது சலுகை இல்லாத அன்றைய பட்டியல் வட்டிக்கு, அதே காலத்துக்கு மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஆகவே முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்குக்கு வரவேண்டும் என்று மாற்றிவிடுங்கள், முதிர்வு நாளைக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்பே நினைவூட்டும்படி பதிந்து வையுங்கள்.

சலுகை எஃப்டிகள் பல ‘புதிய பணம்’ கேட்கும். அதாவது வேறு வங்கியிலிருந்து வந்த பணம். அதே வங்கியில் முதிர்ந்த எஃப்டியை அதற்குப் பயன்படுத்த முடியாது. வேறு வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் நேரடியாகச் செலுத்தும் எஃப்பிஎக்ஸ் வழியாகப் போட்டால் ஒரு பரிவர்த்தனைக்கு 30,000 ரிங்கிட்தான் வரம்பு. பெரிய தொகையாக இருந்தால் சில முறை செய்ய வேண்டும். இன்னொரு வகைச் சலுகை, எஃப்டிக்கு 5 விழுக்காடு, ஆனால் அதே அளவு பணத்தை ஒரு காப்புறுதித் திட்டத்திலோ யூனிட் டிரஸ்ட்டிலோ போட வேண்டும் என்று வரும். முகப்பில் உட்கார்ந்து பேசும்போது, ‘ஐயா, இதுவும் சேமிப்புதான், வட்டி கொஞ்சம் கூடுதல்’ என்று அன்பாகச் சொல்வார்கள். மூன்று மாத எஃப்டியின் கூடுதல் வட்டிக்காகப் பத்தாண்டு பிரீமியத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்பா, அம்மா எஃப்டி புதுப்பிக்கப் போகும் நாளில் பிள்ளைகள் யாராவது கூடப் போவது இதற்காகவே நல்லது.

ஆறாம் படி: ஊழியர் சேமநிதியை எடுப்பதற்கு முன் நிதானியுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி இதுதான். 55 வயது எட்டியதும் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்து எஃப்டியில் போடும் பழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ‘கையில் இருந்தால்தான் நம் பணம்’ என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் 55-க்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து வேண்டும்போது வேண்டும் அளவு எடுக்கலாம். எடுக்காத பணத்துக்கு 100 வயதுவரை ஈவு கிடைக்கும். 2024-க்கான ஈவு 6.30 விழுக்காடு. ஓபிஆர் 1.75-க்கு இறங்கிய 2020-இலும் ஈவு 5.20 விழுக்காடாக இருந்தது. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு என்று சட்டமே உறுதி தருகிறது. ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதலீட்டு வருமானத்தைப் பொறுத்தது. ஆயினும் எஃப்டி வட்டி இறங்கும் காலத்தில் சேமநிதியைக் காலி செய்து எஃப்டிக்கு மாற்றுவது, நல்ல நிலத்தை விற்றுத் தரிசு நிலம் வாங்குவதுபோல் ஆகிவிடும். ஒருமுறை வெளியே எடுத்த பணத்தை அப்படியே திரும்பப் போடவும் முடியாது: 55-க்குப் பின் செலுத்தும் பணம் அக்காவுன் எமாஸ் என்ற கணக்குக்குப் போய் 60 வயதுவரை பூட்டப்படும், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் என்ற வரம்பும் உண்டு.

55 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விருப்பச் சந்தா செலுத்தலாம். ஆனால் 2024 மே 11 முதல் அது 75, 15, 10 விழுக்காடாக மூன்று கணக்குகளில் பிரிகிறது. எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்குக்குப் போவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 1,000 ரிங்கிட் போட்டால் 100 ரிங்கிட். எனவே இதை மூன்றாம் பிரிவுப் பணத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியின், விலை மாறாத யூனிட்டுகள் எல்லா இனத்தவருக்கும் திறந்தவை என்றாலும், ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் வாங்க முடியாது. கிடைத்தால் நீண்ட காலப் பணத்தில் ஒரு பகுதிக்கு அது நல்ல இடம். அதற்கும் வைப்புக் காப்புறுதி இல்லை.

ஏழாம் படி: கணக்கை மாற்றும்போது

புதிய கணக்கைத் திறந்தவுடன் பழையதை மூடாதீர்கள். தெனாகா மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், காப்புறுதி, வீட்டுக் கடன் ஆகியவற்றின் தானியங்கிப் பிடித்தங்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு முழு மாதம் சரியாக நடந்ததைப் பார்த்த பிறகே மூடுங்கள். கணவன் மனைவி இருவரும் இருக்கும் வீட்டில், ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டு எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று இருப்பது நல்லது. சேமநிதியில் வாரிசை நியமிப்பதுபோல் பெரும்பாலான வங்கிக் கணக்குகளில் நியமிக்க முடியாது. ஒருவர் காலமானால், தனிப் பெயரில் உள்ள பணத்தை எடுக்கக் குடும்பம் சட்ட நடைமுறைக்காகக் காத்திருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு அப்போது என்ன ஆகும் என்பதையும் திறக்கும் நாளிலேயே வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டி இறங்கும் காலமே மோசடிக்காரர்களுக்கு நல்ல காலம். மாதம் 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்று உறுதி தரும் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்தால், பேங்க் நெகாரா வெளியிடும் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதே அது நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. உங்கள் வங்கிச் செயலியில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பெரிய தொகையைப் பூட்டிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கிக்கும், மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். சில மணி நேரத் தாமதத்தில் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போய்விடும்.

கடைசியாக, பேங்க் நெகாரா கூடும் ஆறு தேதிகளையும் நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு பிற்பகல் 3 மணிக்கு வெளியாகும். அடுத்த ஒரு வாரத்துக்குள் மூன்றை மட்டும் பாருங்கள்: சேமிப்புக் கணக்கின் வட்டி மாறியதா, அடுத்து முதிரும் எஃப்டி எது, வீட்டுக் கடனின் மாதத் தவணை குறைந்ததா. தவணை குறைந்திருந்தால், முடிந்தவரை பழைய தொகையையே கட்டிவரலாமா, அந்தக் கூடுதல் தொகை அசலில் கழியுமா என்று வங்கியில் கேளுங்கள். கழியும் என்றால் அப்படியே தொடருங்கள்.